சடச்சி நெழல் விழுந்த சுனை

தேரிக்காட்டுல ஒரு முள்ளெலி இருந்தா. பேரு சடச்சி. ஒடம்பு ஒரு பனங்கா அளவுகூட இருக்காது. வாயி மட்டும் பனமர ஒசரம்!

தேரிக்காடுன்னா பூராவும் செக்கச்செவேல்னு மணலு. கோடை வெயில்ல ஓணான்கூட ஒரு காலத் தூக்கி மறுகால வச்சுத்தான் நிக்கும். அந்த மணலுக்கு நடுவுல ஒரே ஒரு சுனை. எந்தக் கோடையிலயும் வத்தாத சுனை. காட்டுல இருந்த அத்தன உசுரும் அதத்தான் நம்பிக் கெடந்துச்சு.

சுனைக் கரையில ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துறை உண்டு. துறைன்னா அவுகவுக பொழைக்கிற எடம். மொசலுக்கு அருகம்புல்லு மொளைக்கிற துறை. கௌதாரிக்குக் கரையான் ஊருற துறை. சடச்சி வீட்டுக்காரன் கருத்தானுக்கு இருந்தது கரம்பத் துறை. தேரி முழுக்கச் செகப்பு மண்ணுதான், அந்த ஒரு துண்டு மட்டும் கன்னங்கரேல்னு கரம்ப மண்ணு. மூக்க விட்டா மண்புழு, கால வச்சா வண்டு. முள்ளெலிக்கு வேற என்ன வேணும்? கருத்தானும் சடச்சியும் மூணு பிள்ளையளும் தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டு, ஒருத்தர ஒருத்தர் வஞ்சுக்கிட்டுச் சந்தோசமா இருந்தாக.

சுனைக்குத் தலைவரு கொம்பையா. காட்டுப்பன்னி. எல்லாரும் அவர அண்ணாச்சின்னுதான் கூப்பிடணும். கூப்பிடாட்டா கோரப்பல்லக் காட்டுவாரு. அவருக்குக் கைத்தடியா ஒரு குள்ளநரி. பேரு சங்கிலி. அண்ணாச்சி தும்முனா இவன் மூக்கத் தொடைப்பான்.

அந்தச் சுனைக்கு ஒரு மொற இருந்துச்சு. புருசன் செத்துப்போன பொம்பள நெழலும் அவ பிள்ளையள் நெழலும் தண்ணியில விழக்கூடாது. விழுந்தா சுனை வத்திருமாம்!

பொண்டாட்டி செத்த ஆம்பள நெழலு? அது குளுகுளுன்னு இருக்குமாம்! அவன் தன் துறையில காலாட்டிக்கிட்டு அடுத்த பொண்ணு பாக்கலாம். வத்தாது!

சரி, தண்ணிப் பக்கமே வரக்கூடாதவளுக்குக் கரையில துறை எதுக்கு? அதனால அவ துறை பொதுவுக்குப் போயிரும். பொதுன்னா யாருன்னு கேக்கியளா? கொம்பையாதான். எல்லாருக்கும் பொதுவா அவரு ஒருத்தரே தின்பாரு.

ஒரு நா, கொம்பையாவுக்குப் புரண்டு குளிக்கச் சேத்துக்குழி வேணும்னு ஆச்சு. அடியில மண்ணு பறிக்கச் சின்ன ஒடம்பாத்தான் உள்ள போவ முடியும். கருத்தான் போனான். போனவன் மேல மண்ணு சரிஞ்சுச்சு. அவ்வளவுதான். மூடுன குழியில மறுநாளே கொம்பையா புரண்டு குளிச்சாரு.

குளிச்சு முடிச்ச கையோட சடச்சி வீட்டுக்குத் துட்டி கேக்க, அதான் எழவு விசாரிக்க, வந்தாரு.

"கருத்தான் நல்ல பய. அவன் விதி முடிஞ்சுட்டு. நீ அழாத சடச்சி."

"சரி அண்ணாச்சி."

"எப்ப கெளம்புத?"

"எங்க அண்ணாச்சி?"

"எங்கியோ! இங்க இருக்கக்கூடாதுல்லா? மொறன்னு ஒண்ணு இருக்குல்லா?"

சடச்சி பிள்ளையள வயித்துக்குள்ள இழுத்து வச்சு அப்படியே சுருண்டுட்டா. முள்ளெலிக்குப் பயம் வந்தா பந்து மாதிரி சுருண்டுக்கிடும். வெளிய பூராவும் முள்ளு. எந்த வாயும் கிட்ட வராது. கொம்பையாவும் தொடல. தொடணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? குனிஞ்சு, தேனாட்டம் பேசுனாரு.

"சுருண்டு கெட. நல்லாச் சுருண்டு கெட. பொழுது ஏறும். ஒன் நெழலு தண்ணியில விழும். சுனை வத்தும். அப்புறம் மொசக்குட்டி, கௌதாரிக் குஞ்சு, ஒன் பிள்ளை, எல்லாம் நாக்கு வறண்டு சாவும். சாவட்டும். ஒனக்கென்ன?"

பந்து பைய விரிஞ்சுச்சு. சடச்சி எந்திரிச்சா. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நடந்தா. முள்ளு அன்னைக்கும் அவ முதுகு நெறைய இருந்துச்சு. ஆனா, ஊரான் பிள்ளை தன்னால செத்துரக்கூடாதுன்னு நெனைக்கிறவள முள்ளு காப்பாத்துமா?

கரைக்குப் பின்னாடி மணல்மேடு. மேட்டுக்குப் பின்னாடி ஒரு கசிவு. மாட்டுக் குளம்புத் தடத்துல தேங்குற தண்ணிதான், கலங்கலா. அங்கதான் ஒடமரத்தடியில மத்த அறுதலிகளும் கெடந்தாக. அறுதலின்னு நாஞ் சொல்லல, தாலி அறுத்தவளுக்குக் கொம்பையா வச்ச பேரு. மொசலு வெள்ளத்தாயும் அவ குட்டிகளும் இருந்தாக. கௌதாரி பூரணமும் அவ குஞ்சுகளும் இருந்தாக. பிள்ளையளுக்கு எலும்பு எண்ணலாம். கௌதாரிக் குஞ்சு ஒண்ணு ஓடுனா எறக்க ஓடுது, குஞ்சு பின்னாடி வருது. அவ்வளவு மெலிவு.

"வா ஏளா," ன்னு வெள்ளத்தாய் நகந்து எடம் விட்டா. "பயப்படாத. மாசா மாசம் அண்ணாச்சி ஒதவி பண்ணுவாக."

"என்ன ஒதவி?"

"வரும்போது பாரு. முதுகுல முள்ளு இருக்குல்லா, அத நல்லா மடக்கி வச்சுக்கோ. குனிஞ்சு குனிஞ்சு கும்பிடணும்."

ஒதவி வந்துச்சு. யப்பா, என்னா ஒதவி!

பவுர்ணமிக்கு மறுநா காலம்பற, மணல்மேட்டு மேல காடே கூடி நின்னுச்சு. மைனாக்க கூட்டம் ஒரு பக்கம். மயிலு ஒரு பக்கம் தோகைய விரிச்சு நிக்கு. சங்கிலி ஒரு கல்லு மேல ஏறித் தொண்டையச் செருமுனான்.

"பெரியோர்களே! தாய்மார்களே! தகப்பனில்லாப் பிள்ளைகளின் தகப்பன்! தேரிக்காட்டுத் தென்றல்! கண்ணீர் துடைக்கும் கருணைக் கொம்பு! நம்ம அண்ணாச்சி..."

"கருணைக் கொம்பு! கருணைக் கொம்பு!" ன்னு மைனாக்க கத்துச்சு.

கொம்பையா வந்தாரு. வாயில ஒரு கொட்டிக்கிழங்கு. ஒவ்வொரு அறுதலிக்கும் ஒரு கிழங்கு. அதச் சும்மா குடுத்துட்டுப் போயிருவாருன்னு நெனச்சியளா? ஒரு முனைய அவரு கவ்விக்கிட்டு நிப்பாரு. மறுமுனைய இவ பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எல்லாரும் பாத்து முடிக்கிற வரைக்கும் விடமாட்டாரு. எவனாவது பின்னாடி வரிசையில கழுத்த எக்கிக்கிட்டு நின்னா, அவன் வந்து பாக்குற வரைக்கும் நிக்கணும். எச்சி ஒழுகும். பிள்ளை பசியில கத்தும். நிக்கணும்.

அப்புறம் நன்றி சொல்லணும்.

"நன்றி அண்ணாச்சி," ன்னா சடச்சி.

"கேக்கல!" ன்னான் சங்கிலி. "அந்தக் கரைக்குக் கேக்கணும்!"

"நன்றி அண்ணாச்சீ!"

"பிள்ளையளும் சொல்லணும்!"

பிள்ளையளும் சொல்லுச்சு. சொல்லி முடிச்சு, கிழங்க உருட்டிக்கிட்டு ஒடமரத்தடிக்கு வந்தா சடச்சி. வந்து, அதச் சுத்திச் சுத்திப் பாத்தா.

"ஏளா வெள்ளத்தாய், நான் கிழங்கு திங்கமாட்டேனே. முள்ளெலி எங்கயாவது கிழங்கு திங்குமா?"

"மொசலு மட்டும் கொட்டிக்கிழங்கா திங்குது? பல்லு எறங்கல எனக்கு."

கௌதாரி பூரணம் சொன்னா: "எனக்கு அலகே தேஞ்சுட்டு. கிழங்கு திங்கிறது அவரு ஒருத்தருதான் மைனி. அவருக்குப் பிடிச்சது நமக்கும் பிடிக்கும்னு நெனச்சுக்கிட்டாரு!"

"அப்ப என்ன பண்ணுவிய?"

"அழுக வைப்போம். அழுகினா எறும்பு வரும், புழு வரும். ஒனக்கும் எனக்கும் அதுதான் சாப்பாடு. அழுகின மண்ணுல ரெண்டு புல்லு மொளைச்சா வெள்ளத்தாய்க்கு."

நல்லாருக்குல்லா ஒதவி? கிழங்கு அழுகுற வரைக்கும் பிள்ளை பட்டினி!

சடச்சிக்குச் சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. கடைசிப் பிள்ளை சிட்டு, பசி தாங்காம அந்தக் கிழங்க நக்குச்சு. நக்குன பிள்ளை நிமுந்து பாத்துச்சு.

"எம்மா! இதுல எங்கப்பா வாசன அடிக்கு!"

"என்னட்டி சொல்லுத?"

சடச்சி குனிஞ்சு பாத்தா. கிழங்கு இடுக்குல மண்ணு ஒட்டியிருந்துச்சு. கன்னங்கரேல்னு. கரம்ப மண்ணு. அதுல பாதி மண்புழு ஒண்ணு நெளியுது. தேரி முழுக்கத் தேடுனாலும் அந்த மண்ணு ஒரே ஒரு துறையிலதான் உண்டு. கருத்தான் தெனமும் அந்த மண்ணோடதான் வீட்டுக்கு வருவான். பிள்ளை அந்த மண்ணு வாசனையிலதான் வளந்துச்சு.

சடச்சி மூக்கு முள்ளு வரைக்கும் செவந்துட்டு.

"வெள்ளத்தாய்! இது என் துறைக் கிழங்கு! என் எடத்துல தோண்டி எனக்கே குடுக்கான்! அதுக்கு நான் நன்றி வேற சொல்லியிருக்கேன்! அந்தக் கரைக்குக் கேக்குற மாதிரி!"

"சத்தம் போடாத ஏளா!"

"என் புருசன முழுங்கின குழியில அவன் குளிப்பான்! என் துறையில அவன் திம்பான்! மிச்சத்த எனக்குப் பிச்ச போடுவான்! மயிலு அதுக்கு ஆடும்! வா, போயிக் கேப்போம்!"

"கேட்டு? துறைக்குப் போனா நெழலு தண்ணியில விழும்லா? சுனை வத்துனா?"

 அங்கதான் எல்லாம் முட்டி நின்னுச்சு. கொம்பையாவ சடச்சி நம்பல. ஆனா நெழல நம்புனா. பொறந்ததுல இருந்து கேட்ட பேச்சு. அம்மா சொன்னது, அம்மாவுக்கு அவ அம்மா சொன்னது. தன் பிள்ளை பசிச்சாலும் பரவால்ல, அடுத்தவ பிள்ளை தவிச்சுச் சாவக்கூடாது. அந்த நல்ல மனசுதான் அவ கால்ல கெடந்த கயிறு. அது கொம்பையாவுக்கு நல்லாத் தெரியும். கெட்டவளா இருந்திருந்தா என்னைக்கோ துறையில போயி ஒக்காந்திருப்பா!

இப்படியே நாளு போச்சு. சிட்டுக்கு வயிறு ஒட்டி முள்ளெல்லாம் தொங்க ஆரம்பிச்சுட்டு. அந்தப் பிள்ளை அடுத்த கோடை தாங்காதுன்னு சடச்சிக்குத் தெரியும்.

அப்பத்தான் ராக்கு வந்தா.

ராக்கு கொம்பையாவோட கூடப்பொறந்த தங்கச்சி. அடுத்த காட்டுல கட்டிக்குடுத்திருந்தாக. அவ புருசன வேட்டைக்காரன் சுட்டுட்டான். குட்டிகள இழுத்துக்கிட்டு, அழுது அழுது மூஞ்சி வீங்கி வந்து நின்னா.

"அண்ணே! எனக்கு யாருமில்ல அண்ணே!"

"நான் இருக்கேன் தங்கச்சி!" ன்னு கொம்பையா கண்ணக் கசக்குனாரு. கசக்குனது உண்மையான கண்ணீருதான், அதையும் சொல்லணும். "வா, மொதல்ல தண்ணி குடி. பிள்ளையள் நாக்கு தொங்குது பாரு!"

கூட்டிக்கிட்டு நேராச் சுனைக்குப் போனாரு.

மணல்மேட்டு ஓரத்துல ஒடமுள்ளுக்குப் பின்னாடி நின்னு சடச்சி பாத்துக்கிட்டு இருந்தா.  ராக்கு சின்ன ஒடம்பா? அவ நெழலு ஒரு படகு அளவுக்கு இருக்கும். காலை வெயிலு முதுகுல அடிக்க, அந்த நெழலு சுனையில பாதிய மூடிட்டு. குட்டிகளோட நெழலு மீதிய மூடிட்டு.

"போச்சு!" ன்னா சடச்சி. "வத்தப்போவுது!"

கண்ண மூடிக்கிட்டா. தெறந்து பாத்தா. தண்ணி அப்படியே இருக்கு. சரி, கொஞ்சம் நேரமாகும் போலன்னு ஒக்காந்தா. ராக்கு குடிச்சா, குளிச்சா, கரையேறி ஓரமாப் படுத்துக் கொறட்ட விட்டா. வெயிலு உச்சிக்கு வந்துச்சு. தண்ணி அப்படியே இருக்கு. ஒரு தவக்கள ராக்கு நெழலு விழுந்த எடமாப் பாத்துக் குளுகுளுன்னு போயி ஒக்காந்து பாட்டுப் பாடுது!

சடச்சிக்குச் சிரிப்பு வந்துச்சு. தன்னால சிரிச்சா. மணல்ல பொரண்டு சிரிச்சா. சிரிச்சு முடிச்சு எந்திரிச்சா பாருங்க, ஒடம்புல ஒரு முள்ளுகூடப் படுத்திருக்கல. அத்தனையும் நட்டுக்க நிக்கு. அப்படி ஒரு கோவம்!

ஆனா வாயத் தெறக்கல. வெள்ளத்தாய்கிட்டகூட ஒண்ணும் சொல்லல. அந்தப் பவுர்ணமி வரட்டும்னு பொத்தி வச்சுக்கிட்டா. பனமர ஒசரத்து வாய அத்தன நா மூடி வைக்கிறது லேசா? தூக்கத்துலயும் பல்லக் கடிச்சா.

பவுர்ணமிக்கு மறுநா வந்துச்சு. காடு கூடிட்டு. மைனா, மயிலு, கல்லு மேல சங்கிலி. முன்வரிசையில ராக்குவும் அவ குட்டிகளும். ராக்குவுக்குக் கிழங்கு கெடையாது. அவளுக்குத் துறையே குடுத்தாச்சுல்லா! எந்தத் துறை? அதே கரம்பத் துறைதான்.

"அடுத்து, அறுதலி சடச்சி!" ன்னான் சங்கிலி.

சடச்சி வந்தா. கொம்பையா கிழங்கக் கவ்விக்கிட்டு நீட்டுனாரு. சடச்சி மறுமுனையப் பிடிக்கல.

"பிடி ஏட்டி," ன்னான் சங்கிலி. "எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். அண்ணாச்சி, ஒரு சந்தேகம்."

கொம்பையா வாயில கிழங்கு. "ம்?" ன்னாரு.

"எங்க நெழலு விழுந்தா சுனை வத்திரும். சரிதானே?"

"ம்."

"ராக்கு மைனி நெழலு விழுந்து ஒரு மாசம் ஆவுது. ஏன் வத்தல?"

கிழங்கு தொப்புன்னு கீழ விழுந்துச்சு. மைனாக்க கத்துறத நிறுத்திட்டு. மயிலு தோகைய மடக்கிட்டு.

"அவ என் கூடப்பொறந்தவ!" ன்னு கொம்பையா உறுமுனாரு.

"நான் மட்டும் என்ன பனமரத்துலயா காச்சுத் தொங்குனேன்? நானும் ஒருத்தனுக்குக் கூடப்பொறந்தவதான்!"

பின்வரிசையில எவனோ சிரிச்சுட்டான். சங்கிலி குதிச்சு முன்னால வந்தான்.

"ஏட்டி, விவரங்கெட்டவளே! அது பெரிய எடத்து நெழலு! அதுக்குத் தண்ணியக் குடிக்கத் தெரியாது! ஒன்னுது பட்டினி நெழலு! பாத்தவொடன உறிஞ்சிரும்!"

"ஓகோ! பட்டினி போட்டது யாரு? நெழலா, ஒங்க அண்ணாச்சியா?"

"மொறன்னா மொறதான்!" ன்னு கொம்பையா கத்துனாரு. "மொற தெரிஞ்சவ கேள்வி கேக்கமாட்டா! ராக்கு, நீயே சொல்லு இவளுக்கு!"

ராக்கு பைய எந்திரிச்சா. அண்ணன் மூஞ்சியப் பாக்கல. தரையப் பாத்துக்கிட்டு சொன்னா.

"அண்ணே, எங்க காட்டுல ஒரு குளம் உண்டு. என் புருசன் செத்த மறுநா என்னைய அங்க இருந்து வெரட்டிட்டாங்க. என்ன சொல்லி வெரட்டுனாங்க தெரியுமா?"

கொம்பையா குளம்பால தரையக் கீறுனாரு.

"என் நெழலு விழுந்தா குளம் வத்திரும்னாங்க. அந்தப் பாவிகள நீ எப்படியெல்லாம் வஞ்ச! அவனுவ கொம்ப ஒடைப்பேன்னு சொன்னல்லா அண்ணே? ஒடைக்க வேண்டிய அதே கொம்ப நாம இந்தக் காட்டுலயே வச்சிருக்கோம்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"



சடச்சி அதுக்கு மேல நிக்கல. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு மேட்டுல இருந்து சுனையப் பாத்து எறங்குனா.

"ஏட்டி! போவாத!" ன்னு ஒருத்தி அலறுனா. "என் குஞ்சு தவிச்சுச் செத்துரும்!"

"யாராவது பிடிங்க அவள!" ன்னு இன்னொருத்தன் கத்துனான். பிடிக்க யாரு வருவா? முள்ளு!

சடச்சி தண்ணிக்குப் பக்கத்துல போயி நின்னா. அவளுக்கும் பயந்தான். ராக்குவுக்கு வத்தல, சரி. நமக்கு வத்திட்டா?  சிட்டு தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நல்ல தண்ணி குடிச்சு எத்தன நாளாச்சு அந்தப் பிள்ளை!

"குடிட்டி," ன்னா சடச்சி.

சிட்டு குடிச்சுச்சு. சடச்சியும் குனிஞ்சா. அவ நெழலு தண்ணியில விழுந்துச்சு. பனங்கா அளவு நெழலு, சுத்தியும் முள்ளு முள்ளா. சூரியன் மாதிரிதான் இருந்துச்சு, கறுத்த சூரியன்.

எல்லாரும் கழுத்த எக்கிப் பாத்தாக. சங்கிலி ஓடிப்போயி வாலத் தண்ணிக்குள்ள விட்டு ஆழம் பாத்தான். எடுத்தான். மறுபடி விட்டான். எடுத்தான்.

"என்னவே, வத்திட்டா?" ன்னு கேட்டா சடச்சி.

"வ... வத்தல."

"நல்லாப் பாரும்! ஒரு முடியளவு?"

"இல்ல. என் வாலுதான் நனைஞ்சுட்டு."

வெள்ளத்தாய் மேட்டு மேல நின்னு அழுதா. "இத்தன வருசம்! இத்தன வருசம் கலங்கத் தண்ணியக் குடுத்தேனே என் குட்டிகளுக்கு! ஒண்ணு செத்தே போச்சே!" ன்னு மார்ல அடிச்சுக்கிட்டு ஓடி வந்து குட்டிகளோட தண்ணிக்குள்ள விழுந்தா. பூரணம் குஞ்சுகளோட பறந்து வந்தா. சுனை பூராவும் நெழலு. தண்ணி அசைஞ்சுச்சு, மின்னுச்சு, வத்தல.

கொம்பையா பாத்தாரு. காத்து திரும்பிட்டுன்னு தெரிஞ்சுட்டு. உடனே குரலத் தேனாக்குனாரு.

"சரி சரி! நல்லாக் குடிங்க! நான் வேண்டாம்னா சொன்னேன்? பெரியவங்க சொன்ன மொற, நான் என்ன பண்ணுவேன்? ஆனா துறை பொதுவுக்குப் போனது போனதுதான். அதுக்குப் பதிலா இனி மாசம் ரெண்டு கிழங்கு! கைதட்டுங்க!"

மைனா ஒண்ணு கைதட்டப் போச்சு. பக்கத்து மைனா அது தலையில ஒரு கொத்து கொத்துச்சு.

 சடச்சி ஈர ஒடம்போட கரையேறுனா. நேரா கரம்பத் துறைக்கு நடந்தா. கருத்தான் எப்பவும் படுக்குற எடத்துல பிள்ளையள நடுவுல விட்டா. அப்புறம் கொம்பையாவத் திரும்பிப் பாத்தா.

"அண்ணாச்சி, நாங்க பயந்தா சுருளுவோம். அது எங்க பொறவிக் கொணம். ஆனா இனிமே சுருண்டா எங்க எடத்துலதான் சுருளுவோம்!"

சுருண்டுட்டா. பிள்ளையளும் சுருண்டுச்சு. கறுத்த மண்ணு மேல முள்ளுப் பந்தா கெடந்தாக.

"எந்திரி!" ன்னாரு கொம்பையா.

பந்து அசையல.

"அறுதலி நாயே! எந்திரி!"

அசையல. முன்னால மாதிரி பேசி எழுப்ப இப்ப அவருகிட்டப் பேச்சு இல்ல. நெழலு கத முடிஞ்சுட்டுல்லா! மிஞ்சினது மூக்கு ஒண்ணுதான். கோவத்துல கண்ணு தெரியாம ஓடி வந்து, மூக்கால முட்டித் தள்ளுனாரு பாருங்க!

"ஐயோ! ஐயய்யோ!"

தேரிக்காடே அதிந்துச்சு. பன்னிக்கு ஒடம்பு பூராவும் தோலு தடிமன். மூக்கு மட்டும் பஞ்சு. அந்தப் பஞ்சுல சடச்சியோட முள்ளு கொத்தா எறங்கி நிக்கு. கொம்பையா குதிச்சாரு, உருண்டாரு, மண்ணுல தேச்சாரு. தேய்க்கத் தேய்க்க உள்ள போச்சு.

"சங்கிலி! பிடுங்குல!"

சங்கிலியக் காணோம். வாலு மட்டும் தூரத்துல தெரிஞ்சுச்சு.

"தங்கச்சி! ராக்கு! முள்ளப் பிடுங்குத்தா!"

ராக்கு வந்தா. ஒரு முள்ளப் பல்லால மெதுவாக் கவ்வுனா. கவ்விக்கிட்டு அப்படியே நின்னா. இழுக்கல.

"இழு ஏட்டி! உசுரு போவுது!"

"இரு அண்ணே," ன்னா ராக்கு, பல்லுக்கு எடையில. "எல்லாரும் பாக்கட்டும். பின்னாடி வரிசைக்குச் சரியாத் தெரியலயாம்."

அப்பத்தான் காடு சிரிச்சுச்சு. சிரிப்புன்னா சும்மா சிரிப்பில்ல, எத்தன பவுர்ணமிச் சிரிப்பு!

"துறைய விடுதேன்னு சொல்லு அண்ணே. எனக்குக் குடுத்தயே, இந்தக் கரம்பத் துறை, அதையும் சேத்து. அவுகவுக துறை அவுகவுக பிள்ளையளுக்கு."

"விடுதேன்!"

சடச்சி பந்துக்குள்ள இருந்து மூக்க மட்டும் வெளிய நீட்டுனா.

"கேக்கல! அந்தக் கரைக்குக் கேக்கணும்!"

"விடுதேன்! அத்தன துறையையும் விடுதேன்! ஐயோ, விட்டுட்டேன்!"

ராக்கு இழுத்தா. ஒவ்வொண்ணா, பொறுமையா. அண்ணன்லா!

அன்னைக்கே மொசலு ஆம்பளைய ஓடி வந்து வெள்ளத்தாய் துறையில வள நோண்டிக் குடுத்தாக. கைதட்டிக் கைதட்டியே காலத்தக் கழிச்ச மைனாக்க, பூரணம் துறையில களையப் பிடுங்கிப் போட்டுச்சு. யாரும் எந்த முனையையும் பிடிச்சுக்கிட்டு நிக்கல. ராக்குவுக்குத் தன் துறை ஓரத்துல எடம் விட்டவ சடச்சிதான். "கிழங்கு ஒனக்கு மைனி, புழு எனக்கு," ன்னா. ரெண்டு பேரு பிள்ளையளும் ஒரே மண்ணுலதான் வளந்துச்சு. சிட்டு அடுத்த கோடையையும் தாண்டுச்சு, அதுக்கடுத்த கோடையையும் தாண்டுச்சு. இப்ப அது வாயி அவ அம்மா வாய விட ஒசரம்.

கொம்பையா மட்டும், "எல்லாத்தையும் நாந்தான் பெரிய மனசு பண்ணிக் குடுத்தேன்," ன்னு சொல்லிக்கிட்டு இன்னும் திரியுதாரு. சொல்லும்போது மூக்கத்தான் நிமுத்த மாட்டேங்காரு. முள்ளு குத்துன ஓட்ட வெளிய தெரிஞ்சிரும்லா!

ஆகையினால, புருசன எழந்தவளுக்கும் அவ பிள்ளையளுக்கும் நெசமாவே ஒதவணும்னு நெனைக்கிறவன், மேட்டு மேல நின்னு கிழங்க நீட்டாம, அவகிட்ட இருந்து பிடுங்குன நெலத்தையும் தண்ணியையும் வாயப் பொத்திக்கிட்டுத் திருப்பிக் குடுக்கணும்!